புலிகள் நெய்யான கதையைக் குழந்தைக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?

புலிகள் மரத்தைச் சுற்றி ஓடி ஓடி உருகி நெய்யாகிப் போகும் கதையை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அது 1899-இல் லண்டனில் வெளியான 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற கையடக்கப் படப் புத்தகத்தின் கதை. நான் சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். "நல்ல கதைதானே, ஏன் மோசம் என்கிறார்கள்? கொடுக்கலாமா?" என்று பெற்றோர்கள் இந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. கொடுக்கலாம். ஆனால் எந்த வயதில், எந்தப் பதிப்பை, யார் பக்கத்தில் உட்கார்ந்து என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். எழுதிப் படமும் வரைந்தவர் ஹெலன் பேனர்மேன். எடின்பரோவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஒரு டாக்டரை மணந்து, வாழ்க்கையில் நீண்ட காலத்தைச் சென்னையிலும் பம்பாயிலும் கழித்தவர். தன் இரண்டு பெண் குழந்தைகளுக்காக ஒரு நீண்ட ரயில் பயணத்தில் இந்தக் கதையை உருவாக்கினார். பதிப்புரிமை ஐந்து பவுண்டுக்குக் கைமாறிவிட்டது. அப்புறம் அமெரிக்காவில் பலரும் தங்கள் இஷ்டத்துக்கு வேறு வேறு படங்களைப் போட்டு அச்சடித்தார்கள். பல பதிப்புகளில் படங்கள் அவர் வரைந்ததைவிட மோசம்.

படங்களை நிதானமாகப் பாருங்கள். கதையில் புலி வருகிறது, பஜார் வருகிறது, நெய் வருகிறது. எல்லாம் இந்தியாதான். முகங்கள் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தவை. தடித்த உதடும் உருட்டி விழிக்கும் கண்ணுமாக, அந்தக் காலத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மேடைக் கூத்தின் முகங்கள் அவை. கதையில் வரும் பையனின் பெயரான சாம்போ என்பதும் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசையாக அமெரிக்காவில் புழங்கிய பெயர். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பினக் கவிஞர் 1932-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். வெள்ளைக் குழந்தைக்கு இது வேடிக்கை, ஏற்கெனவே நிறையக் காயப்பட்ட குழந்தைக்கோ இன்னொரு சுடுசொல் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை மனதில் வாங்கிக்கொண்ட பிறகு பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் அசல் புத்தகமே வேண்டாம், வாயால் சொல்லுங்கள். வாயால் சொல்வதற்கென்றே பிறந்த கதை இது. பையனுக்கு ஒரு பெயர் வையுங்கள். நான் முத்து என்று வைத்திருக்கிறேன். 'கறுப்பு முத்து' என்றெல்லாம் சொல்ல வேண்டாம், வெறும் முத்து. அவனுக்கு அம்மா சிவப்புக் கோட்டும் நீல நிஜாரும் தைத்துத் தருகிறாள். அப்பா பஜாரிலிருந்து பச்சைக் குடையும் ஊதா ஷூவும் வாங்கி வருகிறார். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறான். முதல் புலி "உன்னைத் தின்னப் போகிறேன்" என்கிறது. கோட்டைக் கொடுத்துத் தப்பிக்கிறான். இரண்டாவது புலிக்கு நிஜார். மூன்றாவது புலியிடம் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். "உன் ஷூ எனக்கு எதற்கு? எனக்கு நாலு கால், உனக்கு இரண்டுதானே" என்று அது மடக்கும். காதில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறான் முத்து. நான்காவது புலிக்குக் குடையைப் பிடிக்கக் கை கிடையாது. வாலில் முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொள் என்கிறான். ஒவ்வொரு புலியும் போகும்போது "இந்தக் காட்டிலேயே நான்தான் ஜோரான புலி!" என்று சொல்லிவிட்டுப் போகும். இந்த வரியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது புலியிலிருந்தே அவர்கள் உங்களை முந்திக்கொண்டு கத்துவார்கள்.

அப்புறம் யார் ஜோர் என்று புலிகளுக்குள் சண்டை. துணிமணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றுகின்றன. முத்து தன் சாமான்களை எடுத்துக்கொள்கிறான். அது தெரிந்தும் எந்தப் புலியும் பல்லிலிருக்கும் வாலை விடுவதாக இல்லை. "ஓடின, ஓடின, ஓடின" என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், மூச்சு முட்டும் இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். என்ன ஆகியிருக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். மயங்கி விழுந்துவிட்டன என்பார்கள், செத்துப்போய்விட்டன என்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மெதுவாக "நெய்யாகிவிட்டன" என்று சொல்லுங்கள். அப்பா பித்தளைப் பானையில் அந்த நெய்யை வாரிக்கொண்டு வர, அம்மா மாவு, முட்டை, பால், சர்க்கரை கலந்து அதே நெய்யில் அப்பம் சுடுகிறாள். அம்மா 27 அப்பம் தின்கிறாள், அப்பா 55, பையன் 169. எண்களை மாற்றாதீர்கள். 169 என்றதும் எழும் கூச்சலுக்காகவே இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தில் இருக்கும் பையன் அசட்டுப் பையனே கிடையாது. தன்னைத் தின்ன வந்தவற்றிடம் பேசியே தப்பித்து, பறிபோனதையெல்லாம் மீட்டுக்கொண்டு வருகிறான். சின்னக் குழந்தைகள் இத்தனை தலைமுறையாக இந்தக் கதையை விடாததற்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன். அவ்வளவு சமர்த்தான பையனுக்கு இப்படி ஒரு முகத்தை வரைந்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

புத்தகமாகவே வேண்டும் என்றால் 1996-இல் இரண்டு நல்ல பதிப்புகள் வந்தன. 'லிட்டில் பாபாஜி' பேனர்மேனின் வாசகத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என்று மாற்றியது. படங்கள் ஃப்ரெட் மார்செலினோவுடையவை, இந்தியக் குழந்தையை அழகாக வரைந்திருக்கிறார். இன்னொன்று 'சாம் அண்ட் த டைகர்ஸ்'. எழுதிய ஜூலியஸ் லெஸ்டரும் வரைந்த ஜெரி பிங்க்னியும் கறுப்பின அமெரிக்கர்கள். கதையில் அந்த ஊரில் எல்லோருக்குமே பெயர் சாம்! சின்னக் குழந்தைக்கு முதலாவது சுலபம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. எந்தப் படங்களால் தங்கள் மக்கள் காயப்பட்டார்களோ, அந்தக் கதையை அவர்களே கையில் எடுத்துத் தங்கள் குரலில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பது, பத்து வயதானதும் அசலைக் காட்டலாம். ஒளித்து வைப்பதால் கதை மறைந்துவிடாது. ஜப்பானில் 1988-இல் பதிப்பாளர்கள் இதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள், 2005-இல் மறுபடியும் வந்துவிட்டது. காட்டும்போது இப்படிச் செய்யுங்கள். படத்தைத் தாளால் மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைப் படித்து, "இந்தப் பையன் எப்படிப்பட்டவன்?" என்று கேளுங்கள். பிறகு எழுத்தை மூடி, படத்தை மட்டும் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகாது. அங்கிருந்து பேச்சு தானாகவே ஓடும். "எழுதினவங்க கெட்டவங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அவர் தன் குழந்தைகளைச் சிரிக்க வைக்கத்தான் வரைந்தார், அதைப் பார்த்து வேறு குழந்தைகள் அழுதார்கள், இரண்டும் உண்மை என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

கூட்டமாகப் பிள்ளைகள் இருக்கும்போது அசலை எடுக்கவே எடுக்காதீர்கள். படத்தைப் பார்த்ததும் கண்கள் எல்லாம் ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பும். இருப்பவர்களிலேயே கறுத்த பிள்ளையின் பக்கம். அது நடந்த பிறகு நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் அந்தப் பிள்ளைக்கு உதவாது.

வீட்டில் தாத்தாவோ மாமாவோ, "நாங்களும்தான் படித்தோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். சண்டை போட வேண்டாம். அவர்கள் வகுப்பில் இருந்த மிகக் கறுத்த பையனை எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சட்டென்று நினைவுக்கு வந்துவிடும். அடுத்ததாக, அந்தப் பையனின் உண்மையான பெயரைக் கேளுங்கள்.