ஃபயர் போல்ட்: கோப்லின் சட்டை ஏன் பற்றிக்கொள்ளாது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஃபயர் போல்ட் ஒரு கேன்ட்ரிப், அதாவது எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரம். ஸ்பெல் ஸ்லாட் (பெரிய மந்திரங்களுக்கான, எண்ணி வைத்த வாய்ப்பு) செலவில்லை, 120 அடி வரை எறியலாம், பட்டால் பத்து முகப் பகடை ஒன்றை உருட்டிச் சேதம் பார்க்க வேண்டும். விதி நாலைந்து வரிதான், ஆனால் அதைப் படிக்காமல் பெயரில் 'ஃபயர்' இருக்கிறதே என்று நம் வீட்டு அடுப்பை நினைத்துக்கொண்டு ஆடுவதில்தான் பாதிச் சண்டை வருகிறது.

கோப்லின் என்ற குட்டி அரக்கன் மேல் எறிந்துவிட்டு, "சட்டை பற்றிக்கொண்டதா?" என்று டிஎம்மை, அதாவது ஆட்டத்தை நடத்துபவரைக் கேட்பார்கள். பற்றாது. எரியக்கூடிய பொருள் மேல் பட்டால் தீப்பிடிக்கும், ஆனால் அதை யாரும் அணிந்திருக்கவோ கையில் வைத்திருக்கவோ கூடாது என்று விதியே சொல்கிறது. ஆக சட்டை, முதுகுப்பை, கையிலிருக்கும் மந்திரச் சுருள் எதுவும் எரியாது. இது எனக்கு நியாயமாகவே படுகிறது, செலவே இல்லாத மந்திரம் சுற்றுக்கு ஒருவர் உடைமையைச் சாம்பலாக்கினால் மற்ற மந்திரங்களை யார் எடுப்பார்கள்? ஆளையே எரிக்க ஆசையிருந்தால் முதலில் எண்ணெய்க் குப்பியை வீசுங்கள்; ஒரு நிமிடத்துக்குள், அது காய்வதற்கு முன் தீ பட்டால் கூடுதலாக 5 சேதம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, எதுவுமே எரியாது என்று டிஎம் கைவிரிப்பது. கயிற்றுப் பாலத்தின் மேல் நாலு ஓர்க் அரக்கர்கள் நிற்கலாம், ஆனால் பாலத்தை அவர்கள் சுமக்கவில்லையே! கயிற்றைக் குறிவைத்து அடித்தால் பற்றும். அறுந்து விழ எத்தனை சுற்று ஆகும் என்பது டிஎம் முடிவு.

கணக்கில் வரும் குழப்பம் வேறு. ஐந்தாம் லெவலில் சேதத்துக்கு இரண்டு பகடை என்றதும் சிலர் தாக்குதலையும் (பட்டதா என்று பார்க்கும் உருட்டலையும்) இரண்டு முறை உருட்டுகிறார்கள். அது எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற வேறொரு கேன்ட்ரிப்பின் விதி. ஃபயர் போல்ட்டுக்கு ஒரே தாக்குதல், பட்டால் இரண்டு பகடையும், படாவிட்டால் பூஜ்யம். விஸார்டின் (மந்திரவாதியின்) இன்டெலிஜென்ஸ் போனஸ் தாக்குதலில்தான் சேரும், சேதத்தில் சேராது. லெவல் என்பதும் மொத்த லெவல், ஒரே ஆள் விஸார்ட் 3, ஃபைட்டர் (போர்வீரன்) 2 என்றிருந்தாலும் ஐந்துதான். அப்புறம், எதிரி ஐந்தடிக்குள் நின்றால் டிஸ்அட்வான்டேஜ் (தாக்குதலுக்கு இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும்), இதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ட்ரோல் என்ற, காயம் தானே ஆறும் அரக்கன் வரும்போது இந்தச் சின்ன மந்திரத்துக்குத் தனி மவுசு. தீயோ அமிலமோ படாவிட்டால் ட்ரோல் தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 உயிர்ப்புள்ளி மீட்கும், பூஜ்யத்தில் கிடந்தாலும் எழுந்துவிடும். "போன சுற்றிலேயே சுட்டுவிட்டேனே" என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் ஒரு சூடு அதன் அடுத்த முறைக்கு மட்டும்தான் கணக்கு. நாங்கள் ஒருமுறை ட்ரோலை வெட்டிச் சாய்த்த குஷியில் விஸார்டைப் பெட்டியைத் திறக்க அனுப்பிவிட்டோம். அவன் பூட்டைத் தொடுவதற்குள் பின்னால் அது எழுந்து நின்றது.