பழைய ஃபெர்குசன் டிராக்டரில் டீசல் எஞ்சின் பொருத்துவது எப்படி

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடின; அல்லது டிராக்டர்களுக்கென்றே விற்கப்பட்ட, மண்ணெண்ணெயை ஒத்த டி.வி.ஓ. என்ற எரிபொருளில் ஓடின. நிறுவனமே டீசல் மாதிரியை 1951-இல்தான் வெளியிட்டது. அதற்கு முன்பே டிராக்டரை வாங்கிவிட்ட உழவர்களுக்காகவும், பின்னர் டி.வி.ஓ. மலிவாகக் கிடைக்காமல் போனவர்களுக்காகவும், பீட்டர்பரோவின் பெர்க்கின்ஸ் நிறுவனம் மூன்று சிலிண்டர் பி3 எஞ்சினை மாற்றுப்பொருத்தத் தொகுப்பாகவே விற்றது. ஆறு சிலிண்டர் பி6 எஞ்சின் ஃபோர்ட்சன் மேஜர் இ27என் டிராக்டருக்குப் போனதும் இதே காலத்தில்தான். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் செய்து டாஃபே டிராக்டர்களில் வரும் எஞ்சின்களும் பெர்க்கின்ஸ் வழிவந்தவையே என்பதால், நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சினின் அமைப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

முதலில் செய்ய வேண்டியது, இந்த வேலை தேவைதானா என்று கணக்குப் பார்ப்பது. ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டும், கண்காட்சியிலும் தோட்டத்திலும் ஓடும் டிராக்டரில், டீசலால் மிச்சமாகும் பணம் மாற்றுச் செலவை ஒருபோதும் ஈடுகட்டாது. பழைய எஞ்சினின் பிளாக் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடித்துப்போயிருந்தாலோ, டிராக்டர் உண்மையிலேயே உழவுக்கும் சுமைக்கும் போவதாக இருந்தாலோ மட்டும் இறங்கலாம் என்பது என் கருத்து. இறங்கினாலும், டிராக்டரின் மூல வார்ப்புகள் எதையும் அறுக்காமல், துளையிடாமல், பின்னொரு நாள் பழைய எஞ்சினைத் திரும்ப ஏற்றக்கூடிய வகையில் செய்ய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்திருப்பது அந்த டிராக்டருக்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

எந்த எஞ்சினை வாங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். லாரியிலோ காரிலோ எஞ்சின் ஒரு சேசிஸ் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, டி.இ.20-இல் அப்படியொரு சட்டமே கிடையாது. முன்னச்சு எஞ்சினின் முன்முகத்திலும், கியர்பாக்ஸ் அதன் பின்முகத்திலும் போல்ட் செய்யப்பட்டு, எஞ்சினே டிராக்டரின் முதுகெலும்பாக நிற்கிறது. ஆகையால் மெல்லிய தகட்டு சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) கொண்ட லாரி எஞ்சினையோ, ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய எஞ்சினையோ இங்கே அப்படியே பொருத்தினால், முன்பாரமும் பள்ளத்தில் விழும் அதிர்ச்சியும் அது தாங்கும்படி செய்யப்படாத பாகங்களில் இறங்கி, நாளடைவில் பிளாக்கோ ஹவுசிங்கோ விரிசல் விடும். டிராக்டருக்கென்று செய்த, கனமான வார்ப்பு சம்ப் கொண்ட எஞ்சினைத்தான் தேட வேண்டும். அதிலும் தனி எஞ்சினாக வாங்குவதைவிட, ஏற்கெனவே மாற்றப்பட்டுப் பழுதாகிக் கிடக்கும் ஒரு டிராக்டரிலிருந்து அடாப்டர் பிளேட் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடைத்தகடு), முன்தாங்கி, குழாய்கள், லிவர்கள், பானெட் உயர்த்திகள் ஆகியவற்றோடு முழுத் தொகுப்பாக வாங்குவது நல்லது. எஞ்சினைச் சீர்செய்து கொள்ளலாம். காணாமல்போன ஒரு வார்ப்புத் தாங்கியைச் செய்து வாங்குவது எஞ்சின் விலையையே எட்டிவிடும்.

டிராக்டரைப் பிரிப்பதற்கு முன் தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். பேட்டரி, எரிபொருள் டேங்க், பானெட், ஸ்டியரிங் இணைப்புத் தண்டுகள், முன்னச்சை இருபுறமும் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ரேடியஸ் ராடுகள், ஆக்சிலேட்டர் இணைப்பு, வயர்கள் ஆகியவற்றைக் கழற்றி அடையாளச் சீட்டு கட்டி வைக்கவும். முன்னச்சு நடுப்பின்னில் ஊசலாடும் அமைப்புடையது என்பதால், அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்புகளை இறுக அடித்தாக வேண்டும். இல்லையேல் கியர்பாக்ஸிலிருந்து விடுபட்ட மறுகணம் எஞ்சின் பக்கவாட்டில் கவிழும். கியர்பாக்ஸின் அடியில் உறுதியான ஸ்டாண்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, எஞ்சினுக்கு மேலே சங்கிலிக் கப்பி ஆகிய மூன்றும் இல்லாமல் கடைசி போல்டைத் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டுவது எந்தப் பட்டறையிலும் மன்னிக்கத்தக்கதன்று.

இந்த வேலையின் உயிர் அடாப்டர் பிளேட்டில் இருக்கிறது. கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் நுனி ஃப்ளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங்கில் அமர்கிறது. அந்த நடுவும் கியர்பாக்ஸின் நடுவும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் விரைவில் கிழியும், தண்டின் பற்கள் தேயும், கியர்பாக்ஸின் முன் பேரிங் இரையும். டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் அளவுகோலை) ஃப்ளைவீலில் பொருத்தி, அடாப்டர் பிளேட்டின் வட்டத் துளையையும் முகத்தையும் தனித்தனியே முழுச் சுற்றில் அளக்கவும். இரண்டிலும் ஊசியின் மொத்த ஆட்டம் 0.15 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் போல்டுகளைத் தளர்த்திப் பிளேட்டை நகர்த்திச் சரிசெய்து, பிறகு டவல் பின் (இடம் நகராமல் நிறுத்தும் முளை) அடித்து நிலைப்படுத்த வேண்டும். அடுத்தது ஆழம். தண்டின் நுனி கிராங்க் ஷாஃப்டின் குழியின் அடியில் முட்டக் கூடாது. குழிக்குள் ஒரு துண்டு களிமண்ணை வைத்து ஒருமுறை சேர்த்துப் பிரித்தால், எஞ்சிய களிமண்ணின் தடிப்பே இடைவெளியைச் சொல்லிவிடும்.

இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது, ஒருவர் எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் தள்ள வேண்டும். முகங்கள் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். கடைசி இடைவெளியைப் போல்டை முறுக்கி மூடுவது கிளட்ச் ஹப்பை உடைப்பதற்கான நேர்வழி. போல்டுகள் இறுகிய பின்னும் கிராங்க் முன்போலவே எளிதாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே போகவும்.

புதிய எஞ்சின் பழையதைவிட நீளமானால், முன்னச்சு அந்த அளவு முன்னால் தள்ளப்படும். ரேடியஸ் ராடுகளையும் ஸ்டியரிங் தண்டுகளையும் அதே அளவு, இருபுறமும் ஒன்றுபோல் நீட்ட வேண்டும்; ஸ்டியரிங் தண்டை வெல்டு வைத்து நீட்டுவதைவிட, சரியான நீளத்தில் புதிதாகச் செய்வதே பாதுகாப்பு. முன்பாரம் கூடுவதால், 4.00-19 அளவுள்ள ஒடுக்கமான மூல டயர்கள் ஈர மண்ணில் புதையும், ஸ்டியரிங்கும் கனக்கும். அகலமான டயருக்கு மாறுவதானால் அச்சின் புஷ்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.

எரிபொருள் பகுதியில் பெட்ரோல் டேங்கையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உட்புறத் துருவை முழுதும் நீக்க வேண்டும், இன்ஜெக்டர்களிலிருந்து (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகங்கள்) கசிந்து திரும்பும் டீசலுக்கு மேற்புறத்தில் ஒரு திரும்பு குழாயும் வேண்டும். அந்தக் குழாய்க்காக டேங்கில் வெல்டு வைப்பதானால், பல மாதம் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும் என்று கொண்டு, நன்றாகக் கழுவி, வெல்டு வைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பைக் காட்டவும். உட்புறம் துத்தநாகம் பூசிய டேங்கும் குழாயும் டீசலுக்கு ஆகா. குழாய்கள் பொருந்திய பின் ஏர் எடுப்பதற்கு, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு, ஒரு வரிசை உண்டு: கை லிவரால் அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் திருகு, அடுத்துப் பம்பின் திருகுகள், கடைசியாக ஸ்டார்ட்டரால் சுற்றும்போது இன்ஜெக்டர் நட்டுகள். குமிழியற்ற டீசல் வந்த பிறகே ஒவ்வொன்றையும் மூட வேண்டும். இன்ஜெக்டர் நுனியான நாசிலின் பீச்சலைக் கையால் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் பட்ட விரலை இழக்கவும் நேரும்.

மின்சாரம் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குப் போதுமாயிருந்த பேட்டரியும் ஒல்லி வயரும் டீசலின் அமுக்கத்தை எதிர்த்துச் சுற்றப் போதா. பெரிய பேட்டரி, தடித்த கேபிள், எஞ்சினுக்கே நேரடி எர்த் பட்டை என்று மூன்றையும் மாற்றவும். டி.இ.20-இல் கியர் லிவரையே ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளித்தான் எஞ்சினைச் சுற்ற முடியும், அதனால் கியரில் இருக்கும் டிராக்டர் தற்செயலாகக் கிளம்பவே கிளம்பாது. இந்த அருமையான பாதுகாப்பைச் சிலர் ஒரு பொத்தானை வைத்து வீணாக்குகிறார்கள். கியர்பாக்ஸ் சுவிட்சை அப்படியே விட்டு, அது ஒரு சொலினாய்டை (மின்காந்தச் சுவிட்சை) மட்டும் இயக்கும்படி வயர் இழுத்தால், பெரிய மின்னோட்டம் சொலினாய்டு வழியே போய்விடும்.

பெர்க்கின்ஸ் பி வரிசையில் பரவலாகக் காணப்படும் காற்றழுத்த கவர்னரை (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை)ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உள்ளிழு குழாயிலுள்ள வால்வுத் தகட்டின் அருகே உண்டாகும் வெற்றிடம், ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பம்பின் பின்னுள்ள தோல் டயாஃபிரத்தை (சவ்வை) இழுத்து டீசல் அளவைக் குறைக்கிறது. குழாயில் கசிவோ, டயாஃபிரத்தில் கிழிசலோ இருந்தால் இழுப்பே இருக்காது. பம்ப் முழு அளவு டீசலை ஊற்ற, எஞ்சின் தன் வரம்பைத் தாண்டி ஓடத் தொடங்கும். ஆகவே பழைய டயாஃபிரத்தை நம்பாமல் புதிதாகப் போடவும். குழாயின் ஒரு முனையை உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தாலே அது பிடிப்பு விடுகிறதா என்று தெரியும். எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் எஞ்சின் அதையே எரிபொருளாக இழுத்துத் தறிகெட்டு ஓடும். டீசல் எஞ்சின் சாவியை அணைத்தால் நிற்காது என்பதால், பம்பின் ஸ்டாப் லிவருக்கு ஒரு இழுகேபிளும் இருக்கையிலிருந்து எட்டும் கைப்பிடியும் கட்டாயம்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, அதன் வாயைத் தட்டையாக மூடும் அளவுள்ள கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் தறிகெட்டு ஓடினால் பலகையால் காற்றை அடைப்பதே உடனடி வழி, உள்ளங்கையால் அடைக்க முயலக் கூடாது. வெண்புகையோடு திணறிக்கொண்டே ஓடினால் இன்ஜெக்‌ஷன் நேரம் பிந்தியிருக்கக்கூடும். இந்த எஞ்சின்களில் பம்பை ஓட்டுவது டைமிங் செயின் என்பதால், பம்பைக் குறை சொல்லும் முன் செயினின் தளர்வைப் பார்க்கவும்.

வேகத்தை எங்கே நிறுத்துவது என்பது கடைசி முடிவு. டி.இ.20-இன் பி.டி.ஓ. தண்டு (பூட்டிய கருவிகளுக்கு எஞ்சின் விசையைத் தரும் பின்தண்டு), எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று ஓடும்போது 540 சுற்றை ஒட்டி ஓடுமாறு அமைந்தது. ஹைட்ராலிக் பம்பும் அதே தண்டிலிருந்துதான் ஓடுகிறது. 30 குதிரைத் திறனுக்கு மேல் தரும் டீசலை உயர் சுற்றில் ஓட்டிப் பெரிய கலப்பையை இழுக்கத் தோன்றும். கியர்பாக்ஸும் பின்னச்சும் அதைவிடச் சிறிய பெட்ரோல் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டவை; ஆகவே கவர்னரின் மேல்வரம்பை அடக்கமாகவே வைத்துச் சீல் செய்யவும். முதல் 25 மணி நேர ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் ஆயிலை மாற்றி, ஹெட் போல்டுகளையும் டேப்பட் (வால்வுகளை இயக்கும் பாகம்) இடைவெளியையும் சரிபார்த்து, அடாப்டர் பிளேட்டின் போல்டுகளையும் முன்தாங்கியின் போல்டுகளையும் ஒன்று விடாமல் மீண்டும் இறுக்கிவிடவும்.