குளிர்நாட்டுக் குட்டையில் எந்த டயாட்டம் எங்கே வாழ்கிறது, ஏன்? நீங்களே கண்டுபிடிக்க ஒரு செய்முறை

பனி உருகிச் சில வாரங்களான ஒரு குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கிடக்கும் கல் ஒன்றை எடுத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று தேன் நிறத்தில் ஏதோ விரலில் ஒட்டும். அதில் பெரும்பாலும் இருப்பது டயாட்டம். ஒரே செல் கொண்ட நுண்பாசி அது. சோப்பு டப்பாவும் அதன் மூடியும்போல இரண்டு பாதியாகப் பொருந்தும், கண்ணாடிபோன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழ்கிறது. அந்தக் கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சேற்றில் பார்த்தால் வேறு இனங்கள் இருக்கும். பக்கத்துக் குட்டையில் இன்னும் வேறு. ஏன் இப்படி என்று தேட ஆரம்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

கனடா, நார்வே, ஸ்வீடன் பக்கம் இருப்பவர்கள் வீட்டருகே உள்ள குட்டையிலேயே இதைச் செய்யலாம். மற்றவர்களுக்காக ஓர் உண்மையான இடத்தையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கேப் ஹெர்ஷல் என்றொரு முனை இருக்கிறது. 78 டிகிரி வடக்கையும் தாண்டிய இடம். அங்கே ஏறக்குறைய 40 குட்டைகள், பெரும்பாலும் 2 மீட்டர் ஆழம்கூட இல்லாதவை. 1983 முதல் அவற்றிலிருந்து மாதிரி எடுத்து வருகிறார்கள். ஜான் ஸ்மோல், மரியான் டக்ளஸ் என்ற இரு ஆய்வாளர்களின் பெயர் அந்தக் குட்டைகளோடு சேர்ந்தே பேசப்படும்.

தேவையானவை: 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப், ஸ்லைடு, கவர் கிளாஸ், பழைய டூத்பிரஷ், டிராப்பர், மூடியுள்ள சின்ன பாட்டில்கள், தண்ணீரில் அழியாத பேனா, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் மீட்டர், வீட்டு வாட்டர் ஃபில்டருக்குப் பயன்படும் டிடிஎஸ் மீட்டர். பூங்கா, காப்புக்காடு என்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: பனிக்கட்டியின் நாட்குறிப்பு

எல்லோரும் நேரே பிஹெச் மீட்டரைத்தான் கையில் எடுக்கிறார்கள். அதற்கு முன்னால், குட்டையில் பனிக்கட்டி எத்தனை நாள் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் மற்ற பல காரணங்கள் இதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

கேப் ஹெர்ஷல் குட்டைகள் குளிர்காலத்தில் அடிவரை உறைந்துவிடும். தண்ணீராக இருப்பது கோடையில் சில வாரங்கள் மட்டுமே. கொஞ்சம் பெரிய ஏரி என்றால் முதலில் கரையோரம் மட்டும் உருகி, நடுவில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். சில வருடங்களில் அது முழுசாக உருகுவதே இல்லை. அப்போது வெளிச்சமும் இடமும் கிடைப்பது கரையோரத்து ஆழமற்ற பகுதியில் மட்டும்தான். அங்கே பிழைப்பவை அடித்தரையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு இனங்கள், குறிப்பாக ஃபிராஜிலேரியா வகையைச் சேர்ந்தவை. பனிக்கட்டி இல்லாத நாட்கள் கூடக்கூட மாஸ் வளர்கிறது, மாஸ் மேல் வாழும் டயாட்டங்களுக்கு வீடு கிடைக்கிறது. ஆழமான ஏரிகளில் சைக்ளோடெல்லா போன்ற மிதக்கும் இனங்களும் தலைகாட்டுகின்றன. (மாஸ் என்பது ஈரத்தில் பச்சை மெத்தைபோல் வளரும் செடி. நுண்பாசி வேறு, மாஸ் வேறு.)

நோட்டில் மூன்று தேதிகள் போதும்: ஓரம் உருகிய நாள், முழுசாக உருகிய நாள், மறுபடி உறைந்த நாள். மாதிரி எடுப்பதைக் கரையில் நின்றே செய்யுங்கள். மெல்லிய பனிக்கட்டி மேல் ஒருபோதும் கால் வைக்காதீர்கள்.

படி 2: கல், மாஸ், சேறு - தனித்தனி பாட்டில்

இந்தப் படியில் கவனம் வையுங்கள். முதல் தடவை நான் ஒரு குட்டையில் மாஸையும் இன்னொன்றில் சேற்றையும் எடுத்துவந்து, இனங்கள் வேறு வேறாக இருந்ததைப் பார்த்து, இரண்டு குட்டைத் தண்ணீரும் வேறு என்று எழுதி வைத்தேன். அது தப்பு. நான் ஒப்பிட்டது மாஸையும் சேற்றையும், தண்ணீரை அல்ல. கல்லோடு கல்லை, மாஸோடு மாஸை, சேற்றோடு சேற்றை ஒப்பிட்டால்தான் குட்டைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியும்.

கல்லென்றால் டூத்பிரஷால் தேய்த்து, கொஞ்சம் குட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி பாட்டிலில் பிடியுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பிரஷை நன்றாக அலசுங்கள். மாஸென்றால் ஒரு பிடி எடுத்து பாட்டிலின் வாய்க்கு மேலே பிழியுங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் வரும். இன்னும் இறுக்கிப் பிழிந்தால் பழுப்பாக, கொழகொழவென்று இறங்கும். நமக்கு வேண்டியது அந்தப் பழுப்புதான். சேற்றில் மேல்தோலை மட்டும் டிராப்பரால் உறிஞ்சுங்கள். ஆழமாகக் குத்தினால் பழைய வருடங்களின் வெற்று ஓடுகள் வந்துவிடும்.

பாட்டிலில் இடம், தேதி, கல்லா மாஸா சேறா என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள்.

படி 3: தண்ணீரை அளப்பது

வெப்பநிலை, பிஹெச், டிடிஎஸ் மூன்றையும் குறியுங்கள். ஸ்ஃபேக்னம் என்ற மாஸ் மண்டிய சதுப்புக் குட்டைகளில் தண்ணீர் அமிலமாக இருக்கும். அங்கே யுனோஷியா இனங்கள் நிறையக் கிடைக்கும். சுண்ணாம்புப் பாறை மேலுள்ள குட்டை காரமாக இருக்கும். அங்கே எபிதெமியா போன்றவை. எந்த டயாட்டத்துக்கு எந்த பிஹெச் பிடிக்கும் என்று ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரெட்ரிக் ஹுஸ்டெட் 1930களிலேயே வகைபிரித்து வைத்தார். அந்த வகைப்பாடு இன்றும் உதவுகிறது.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை. அதை வைத்துத்தான் கரைந்த உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. பனி உருகிய புதுசில் அது குறைவாக இருக்கும். கோடையில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, இருக்கிற உப்பு செறிந்துகொண்டே போகும். அதனால் ஒருமுறை அளந்துவிட்டு நிறுத்தாமல் மாதம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள்.

படி 4: உரம் எங்கிருந்து வருகிறது?

குட்டையைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். வாத்து எச்சம், ஆட்டுப் பட்டி, வீட்டுக் கழிவுநீர் என்று எது கண்ணில் பட்டாலும் எழுதுங்கள். வடதுருவப் பக்கத்துக் குட்டைகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொதுவாக மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் கூடினாலும் இனங்கள் மாறிவிடும். கனடாவின் வடக்கே டெவன் தீவில் கேப் வேரா என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஃபுல்மார் கடற்பறவைகள் பாறைச்சரிவில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் இறங்கும் குட்டைகள் அந்தப் பகுதியின் மற்ற குட்டைகளைப்போல இல்லை.

இதில் என்னை மிகவும் நெகிழவைத்தது, அதே வடகனடாவில் சாமர்செட் தீவின் ஒரு குட்டை. சுமார் கி.பி. 1200 முதல் 1600 வரை துலே இன்யூட் என்ற வடதுருவப் பழங்குடி மக்கள் அந்தக் கரையில் திமிங்கிலம் வேட்டையாடி வாழ்ந்தார்கள். குளிர்கால வீட்டுக் கூரையைத் திமிங்கில எலும்பால் தாங்கவைத்தார்கள். அவர்கள் போய் 400 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அந்த எலும்புகளிலிருந்து சத்து இன்னும் கசிந்து குட்டைக்குள் இறங்குகிறது. அதனால் மாஸ் செழித்து, அதன்மேல் வாழும் டயாட்டங்கள் பெருகின. 2004இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒரு குட்டையின் அடிச்சேற்றில் ஒரு மக்களின் வாழ்வே பதிந்திருக்கிறது.

படி 5: மைக்ரோஸ்கோப்பில்

ஒரு சொட்டு வைத்து, கவர் கிளாஸைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் பாருங்கள். உள்ளே பொன்பழுப்புத் துண்டு தெரிந்தால் உயிருள்ளது. வெறும் கண்ணாடியாகத் தெரிந்தால் வெற்று ஓடு. உயிருள்ளதையும் வெற்று ஓட்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். நவிக்குலா என்றால் லத்தீனில் சின்னப் படகு. பெயருக்கேற்ப அது சேற்றுத் துணுக்குகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும், முட்டி நிற்கும், திரும்பாமலேயே பின்னால் வரும். சேற்றில் இப்படி நகரத் தெரிந்தவைதான் தழைக்கும், ஏனென்றால் மண் படிந்து மூடினால் வெளிச்சத்துக்கு மேலே ஏறிவர வேண்டும். கல்லில் இருப்பவையோ இறுக ஒட்டிக்கொண்டோ, காம்பு விட்டோ நிற்கும்.

இனப்பெயர் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். படகு வடிவம், குச்சி, வளைந்த வாழைப்பழம், வட்டம் என்று உருவத்தை வரைந்து எண்ணினாலே போதும்.

படி 6: எண்ணி ஒப்பிடுவது

ஆய்வாளர்கள் ஒரு மாதிரியில் பொதுவாக 300 முதல் 500 ஓடுகள் வரை எண்ணுவார்கள். நீங்கள் 100 எண்ணுங்கள். சதவீதம் போடவும் சுலபம். அப்புறம் எக்செல்லில் குட்டைக்கு ஒரு வரிசை போட்டு, பனிக்கட்டி இல்லாத நாட்கள், பிஹெச், டிடிஎஸ், எந்தப் பரப்பு, ஒவ்வொரு உருவத்தின் சதவீதம் என்று நிரப்புங்கள். பிஹெச் வாரியாக ஒருமுறை, டிடிஎஸ் வாரியாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். எதன்படி அடுக்கும்போது உருவங்களின் சதவீதம் சீராக ஏறி இறங்குகிறதோ, அந்தக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. ஐந்தாறு குட்டைகளாவது இல்லாமல் எதையும் அடித்துச் சொல்லாதீர்கள்.

படி 7: அடுத்த வருடம் அதே இடத்துக்கு

கேப் ஹெர்ஷலின் அடிச்சேற்றை வெட்டியெடுத்துப் பார்த்தபோது, பல ஆயிரம் வருடங்கள் பெரிதாக மாறாதிருந்த டயாட்டம் கூட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து மாறத் தொடங்கியது தெரிந்தது. 1994இல் அதை வெளியிட்டார்கள். மேலே இருந்த தண்ணீரைப் பின்னாளில் அளந்தபோதோ, 1980களின் அளவுகளோடு ஒப்பிட்டால் மின்கடத்துதிறன் கூடியிருந்தது. தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது என்பதற்கான அறிகுறி அது. 2006 ஜூலையில் போனபோது சில குட்டைகளில் தண்ணீரே இல்லை, முழுசாக வற்றிக் கிடந்தன. 1983இலிருந்து நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த வறட்சி எவ்வளவு புதியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

உங்கள் குட்டையையும் அதே கரை, அதே மாதம், அதே வகைப் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் அசையாத ஒரு பாறையில் தண்ணீர் மட்டம் எதுவரை இருக்கிறது என்று தெரியும்படி வருடாவருடம் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.