குறைந்த செலவில் பழைய இத்தாலியக் கேமராக்களைச் சேகரிக்க

ரோமில் உருவான ரெக்டாஃப்ளெக்ஸும், பொலோன்யாவில் டுகாட்டி நிறுவனம் தயாரித்த சோன்யோவும் இத்தாலியக் கேமராக்களில் பெரும் புகழ் பெற்றவை. அவற்றின் விலையும் அந்தப் புகழுக்கு ஏற்றபடியே இருக்கிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாதாரண இத்தாலியக் குடும்பங்கள் வாங்கிப் பயன்படுத்திய பென்சினி, ஃபெர்ரானியா கேமராக்களைத் தேடுவதே நல்லது.

வாங்குவதற்கு முன் கேமராவின் அழகைவிட அது ஏற்கும் ஃபிலிமின் அளவையே கவனிக்க வேண்டும். மிலான் நகரத்துப் பென்சினியின் 'கோமெட்', வார்ப்பு அலுமினியத்தில் பளபளக்கும் கையடக்கமான கேமரா. ஆனால் அது கேட்பது 127 என்ற அளவுப் பெயர் கொண்ட ஃபிலிம். அந்த ஃபிலிமைக் கோடாக் நிறுவனம் 1995-இல் நிறுத்திவிட்டதால், இன்று சிறு தயாரிப்பாளர்களிடம் கூடுதல் விலைக்கே கிடைக்கிறது. சிலர் அதைவிட அகலமான 120 என்ற அளவு ஃபிலிமை முழு இருட்டில் 46 மி.மீ. அகலத்துக்கு வெட்டிப் பழைய ஸ்பூலில் (ஃபிலிம் சுற்றும் உருளையில்) சுற்றிக்கொள்கிறார்கள். ஆகவே கோமெட் வாங்கும்போது உள்ளே வெற்று ஸ்பூல் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அது இல்லையென்றால் ஃபிலிமைச் சுற்ற வழியில்லை. எங்கும் கிடைக்கும் 120 ஃபிலிமையே ஏற்கும் ஃபெர்ரானியா 'யூரா', 1959-இல் வந்த பிளாஸ்டிக் கேமரா. தோற்றத்தில் கோமெட்டின் பக்கத்தில்கூட நிற்காது என்றாலும், முதல் கேமராவாக நான் அதையே பரிந்துரைப்பேன்.

அரெட்சோ நகரில் மாதந்தோறும் முதல் ஞாயிறன்றும் அதற்கு முந்தைய சனியன்றும் கூடும் பழம்பொருள் சந்தையிலும், ரோமின் போர்த்தா போர்த்தேசே ஞாயிற்றுச் சந்தையிலும் தேடலாம். கையில் எடுத்ததும் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஷட்டரைப் பலமுறை இயக்கிப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்திவலை போன்ற பூஞ்சை தெரிந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். ஷட்டர் மந்தமாக இருந்தால் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் ஷட்டரின் தகடுகளில் பரவி அவற்றை ஒட்டவைத்துவிடும். தொலைவிலிருந்து வாங்குபவர், பின்மூடி திறந்த நிலையில் எடுத்த படத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தக் கேமராக்களின் பின்புறத்தில் படத்தின் எண்ணைக் காட்டும் சிவப்புச் சன்னல், சிவப்பொளியை உணராத பழைய ஃபிலிமுக்கென்று அமைந்தது. இன்றைய ஃபிலிம் அந்த ஒளியையும் பதிவுசெய்துகொள்ளும் என்பதால், ஃபிலிமைச் சுற்றும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டி வையுங்கள்.