யெல்லோஸ்டோன் போகிறீர்களா? துண்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், கோடையில் அங்கே போகும் ஐயாவையும் ஆயாவையும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள். வெந்நீர் ஊற்று என்றதும் சிலர் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்து வைக்கிறார்கள். முதல் தவறு அதுதான். அந்த ஊற்றுகளில் குளிக்க அனுமதி இல்லை. அந்த இடம் கடல்மட்டத்துக்கு வெகு மேலே இருப்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும்; பல ஊற்றுகள் அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கின்றன.

தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள்கூடத் தரைக்குப் பயப்படுவதில்லை. ஊருணிப் படியில் இறங்கிக் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு, வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் அந்தத் தரை கெட்டியாகத்தான் தெரியும். உண்மையில் அது வெந்நீர் கொண்டுவந்து படியவைத்த சிலிக்கா. பல இடங்களில் மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர். 2016 ஜூனில் நாரிஸ் பகுதியில், குளிக்க இடம் தேடிப் பலகைப் பாதையை விட்டு இறங்கிய 23 வயது இளைஞர் ஊற்றில் விழுந்து இறந்தார். உடலைக்கூட மீட்க முடியவில்லை. பேரப்பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தொப்பி பறந்தால் பறக்கட்டும்.

கோயில் குளத்தில் காசு போடும் பழக்கத்தையும் அங்கே காட்டவேண்டாம். மார்னிங் குளோரி என்ற ஊற்றில் வந்தவர்கள் காசும் குப்பையும் போட்டுப் போட்டு நீர்வழி அடைபட்டது. சூடு குறைந்தது, ஓரத்தில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் உள்ளே பரவி, நீலம் சுருங்கிவிட்டது. அந்த நிறங்கள் சூட்டில் வாழும் நுண்ணுயிர்களுடையவை. மிகவும் சூடான நடுப்பகுதியில் அவை வாழ முடியாததால்தான் அங்கே நீலம் தெளிவாகத் தெரிகிறது.

கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலமுள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றை விடிகாலையில் பார்க்கப் போவதும் வீண்தான். குளிர்காற்றில் ஆவி மண்டி நிறத்தை மறைத்துவிடும். வெயில் ஏறியபின், ஃபேரி ஃபால்ஸ் பாதையில் உள்ள மேட்டில் நின்று பாருங்கள்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மேலே பீய்ச்சும். எதிர்பார்க்கும் நேரத்தை அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். அதிலும் பத்து நிமிடம் முன்பின் ஆகும். அதேபோல் பீய்ச்சும் ஸ்டீம்போட் என்ற ஊற்றுக்காகக் காத்திருப்பது வேறு கதை, அது எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், கந்தக நெடி ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தும். அதிக நேரம் நிற்கவேண்டாம். கேமரா, மூக்குக்கண்ணாடி மேல் தெறிக்கும் துளியை உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் சிலிக்கா படிந்து கறை லேசில் போகாது.