நியூட்ரலைக் கைவிட்டதும் குறைந்த பெற்றோல் செலவு

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நான் தினமும் ஓட்டும் மனுவல் கியர் கார், அதே வகைக் காரை அதே வழியில் ஓட்டும் நண்பரின் காரைவிட அதிகம் பெற்றோல் குடித்துக்கொண்டிருந்தது. காற்று வடிகட்டியையும் பிளக்குகளையும் மாற்றினேன், பயனில்லை. ஒக்டேன் 92 இலிருந்து 95 இற்கு மாறினேன். அந்த எண் இயந்திரத் தட்டலை, அதாவது பெற்றோல் இயந்திரத்துக்குள் தானாகவே வெடித்தெரிவதைத் தாங்கும் திறனையே குறிப்பதால், 92 போதுமான இயந்திரத்தில் செலவு குறையவில்லை. டயர்களின் காற்றைச் சரிசெய்தபோது மட்டும் சிறிது மாற்றம் தெரிந்தது.

விடையைக் காட்டியது டாஷ்போர்டிலுள்ள உடனடி நுகர்வுக் காட்டி. சிவப்பு விளக்கை நோக்கி, சிக்கனமென்று நினைத்து வழக்கம்போல் கியரை விடுவித்து நியூட்ரலில் உருளும்போது அதில் சிறிய எண்ணொன்று நின்றது. கியரை மாற்றாமல் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோதோ அது பூச்சியத்துக்கு இறங்கியது. கியரில் இருக்கையில் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுவதால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அதை நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலிலோ இயந்திரம் அணையாமலிருக்க எரிபொருள் தொடர்ந்து வேண்டும். நியூட்ரல் சிக்கனம் என்பது, இன்ஜெக்டர்களுக்கு முன் பெற்றோலைக் காற்றுடன் கலந்து கொடுத்த காபரேட்டர் காலத்து வழக்கம். சுழற்சி வேகம் நன்றாகக் குறைந்ததும் எண் மீண்டும் ஏறும்; கிளச்சை மிதிக்க வேண்டிய தருணம் அதுவே.

இப்போது பம்பலப்பிட்டியில் விளக்கு தொலைவில் சிவந்ததுமே காலை எடுத்துவிடுகிறேன். செலவு நண்பரின் கணக்குக்கு இறங்கிவிட்டதில் பெரும் நிம்மதி. கண்டியிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் இதே முறை பிரேக்குகள் சூடேறுவதையும் குறைக்கிறது.