பாலக்காட்டு வெயிலும் வெளிநாட்டு பீரும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பங்குனி வெயில் 40 டிகிரியைத் தொடும். சூடுதான் பீருக்கு முதல் எதிரி. கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோவின் பிரீமியம் கடையில் வெளிநாட்டு பீர் எடுத்தால், விலைக்கு முன் தேதியைப் பாருங்கள். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு தூக்கலான வகைக்கு இது ரொம்ப முக்கியம்: சில மாதங்களில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் மங்கி, நனைந்த அட்டை வாடை வந்துவிடும். பச்சை பாட்டிலைவிடப் பழுப்பு பாட்டில் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும். கேன் என்றால் அந்தக் கவலையே இல்லை.

ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும். அவசரமென்றால் ஐஸ், தண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு கலந்த வாளியில் கால் மணி நேரம் போதும்.

ஜெர்மனியின் கோதுமை பீரான ஹெஃபெவைசனை 7, 8 டிகிரியில் குடிக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் வாழைப்பழ, கிராம்பு மணம் அமுங்கிவிடும், அதுதானே அதன் அழகு! முக்கால்வாசியை ஊற்றியபின் பாட்டிலைச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்து ஊற்றுங்கள். டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது.

கேரளத்தில் மது வாங்க 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாங்கியதை வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.